ஓரத்தில் குறைந்த ஆக்சிஜன்

அவளுக்குச் சின்னம்மை வந்தபோது எங்கள் வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் சோறு சாப்பிடுவது அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, பெரிய தண்டனை. ஆனாலும் அவர் முணுமுணுக்கவில்லை. மத்தியானம் கொச்சங்காடியில் தன் சுக்கு கோடவுனுக்குப் பக்கத்து ஓட்டலில் மீன்கறி சாப்பிட்டு, அங்கேயே வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

அவள் என்னோடு களமசேரிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவள். திருநெல்வேலிப் பக்கம் ஊர். எனக்கு ஒரு வருடம் சீனியர். அம்மை என்று தெரிந்ததும் ஹாஸ்டலில் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த உடம்போடு ரயிலில் ஊருக்கு அனுப்பவும் முடியாது. அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "அத்தாவை வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன் மோளே, நீ அவ துணிமணி எடுத்து வை" என்றாள். அன்றைக்கே அவளுடைய அம்மாவையும் போனில் பிடித்து, "உங்க வீட்டுல எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே பார்த்துக்கறோம். எந்தா செய்யணும்னு மட்டும் சொல்லித்தாங்க" என்று கேட்டாள். மீன் கூடாது, எண்ணெயில் தாளிக்கக் கூடாது, படுக்கையில் வேப்பிலை வேண்டும் என்றார்கள் அங்கிருந்து. எல்லாம் அப்படியே நடந்தது. பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு இருந்த லாத்தா, அதுதான் என் அக்கா, மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அம்மை இறங்கி, அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று என் அம்மாவின் மடியில் தலைவைத்து அழுதாள். "இனி இதுதான் என் வீடு" என்றாள். அம்மா அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

எங்கள் பழக்கம் பேச்சில் தொடங்கியது. கேண்டீனில் நான் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, பக்கத்து மேசையிலிருந்து திரும்பினாள்.

"ஏட்டி, நீ தமிழா?"

"ஆமா."

"இதா தமிழு? பாதி மலையாளம்லா பேசுத!"

"பின்னே? இங்கே எல்லாரும் இப்படித்தான் பறையும்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அவள் தட்டிலிருந்த பழம்பொரி கீழே விழுந்தது. வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுவோம் என்றாலும் பள்ளியில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து தெரியும், எழுதினால் பிழை நிறைய வரும். நான் அனுப்பும் குறுஞ்செய்திகளை அவள் திருத்தித் திருப்பி அனுப்புவாள். இதை இன்று தமிழில் எழுத முடிகிறதென்றால் அதில் அவளுக்கும் பங்குண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தில், நடுவிலிருந்து விளிம்புவரை, எந்த இடத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளப்பதுதான் அது. தொலைநோக்கியின் அருகில்கூட நான் போனதில்லை. எங்கோ ஒரு மலைமேல் யாரோ எடுத்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவைத்த தரவு. அதை இறக்கிவைத்துக்கொண்டு, ஏலூர்த் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும் ஓர் அறையில் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பேன். புது விண்மீன்கள் பிறக்கும் இடங்களில் வாயு மேகங்கள் ஒளிர்கின்றன. அந்த ஒளியை நிறங்களாகப் பிரித்தால் ஹைட்ரஜனுக்கு, ஆக்சிஜனுக்கு, நைட்ரஜனுக்கு என்று தனித்தனிக் கோடுகள் எழுந்து நிற்கும். கோடுகளின் பலத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் அந்த மேகத்தில் எது எவ்வளவு என்று தெரியும். ஹைட்ரஜன் ஆதியிலிருந்தே இருப்பது. ஆக்சிஜன் விண்மீன்களுக்குள் வெந்து, அவை வெடித்துச் சாகும்போது வெளியே வருவது. நடுப்பகுதியில் நிறைய விண்மீன்கள் வாழ்ந்து முடிந்துவிட்டதால் அங்கே ஆக்சிஜன் அதிகம். வெளியே போகப்போகக் குறையும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு சீராகக் குறைகிறது, எங்கேயாவது அந்தச் சீர் கெடுகிறதா என்பதுதான் என் கேள்வி.

அவளுடைய ஆய்வு வேறு. விண்மீன்கள் என்ன வேகத்தில் சுற்றுகின்றன என்பது அவள் பாடம். ஆனால் நான் அளந்ததையெல்லாம் அவளிடம் காட்டாமல் வெளியே விடமாட்டேன். அதற்குக் காரணம் இருந்தது. ஒருமுறை துறைக் கருத்தரங்கில் பேசப் போகும் முன் என் வரைபடத்தைப் பார்த்தவள், "ஏட்டி, இது மேகம் இல்ல. நம்ம பால்வெளி நட்சத்திரம்லா குறுக்க வந்து நிக்குது!" என்றாள். நான் அதை அந்த மண்டலத்தின் மேகமாகக் கணக்கில் சேர்த்திருந்தேன். அப்படியே மேடையேறியிருந்தால் மானம் போயிருக்கும். அவசர அவசரமாக அந்த நட்சத்திரத்தின்மேல் ஒரு கட்டம் போட்டு மறைத்தேன். கட்டம் கோணலாக விழுந்தது. பிறகு திருத்த நேரமிருந்தும் திருத்தவில்லை. என் வரைபடங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கோணல் கட்டம் இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில், அந்தச் சுருள் மண்டலத்தின் வெளிக்கரம் ஒன்றின் ஓரத்தில், ஆக்சிஜன் திடீரென்று குறைந்த ஒரு திட்டைக் கண்டேன். அதைச் சுற்றிலும் எல்லாம் எதிர்பார்த்தபடி இருந்தது. அந்தத் திட்டில் மட்டும் சட்டென்று கீழே இறங்கியது. மறுபடி அளந்தேன். இறங்கியேதான் இருந்தது. வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னேன்.

"குழம்புல ஒரு மூலையில மட்டும் யாரோ தண்ணி ஊத்தின மாதிரிம்மா. வெளியிலேருந்து சுத்தமான வாயு வந்து விழுந்திருக்கு. இன்னும் கலக்கலை."

"யாரு ஊத்தினா?"

"அதான் கண்டுபிடிக்கணும்."

"அவகிட்ட சொன்னியா?" என்றாள் அம்மா. அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

மறுநாளே சொன்னேன். வரைபடம், எண்கள், நான் எழுதிய நிரல், எல்லாவற்றையும் கொடுத்தேன். "நீ தனியா அளந்து பாரு, எனக்கு வர்றது உனக்கும் வருதான்னு சொல்லு" என்றேன். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டு போனவள் திங்கட்கிழமை வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"விட்டுருட்டி."

"ஏன்?"

"ஓரத்துல சிக்னலே இல்ல. நீலப் பக்கம் காலிப்ரேஷன் போயிருக்கு. நீ பாக்கது வாயு இல்ல, கருவியோட கோளாறு. இதை தீசிஸ்ல வச்சேன்னு வை, வைவாவுல உன்னை உரிச்சிருவாவ."

"நெசமாவா?"

"நான் உனக்குப் பொய் சொல்லுவேனா?"

அன்று மாலை அந்தத் திட்டை வரைபடத்திலிருந்து வெட்டிவிட்டேன். அழுகையாக வந்தது. வெட்டிய பிறகு அவள்தான் என்னைக் கீழே கூட்டிப்போய்ச் சாயா வாங்கித் தந்தாள். "இது இல்லாட்டி இன்னொண்ணு கிடைக்கும்" என்று முதுகைத் தட்டினாள். அந்தக் கை அப்போது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் அவள் முனைவர் பட்டம் முடித்து ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்துக்குப் போனாள். விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அம்மா மாங்காய் ஊறுகாயை மூன்று கவர் போட்டுச் சுற்றிக் கொடுத்தாள். வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் வரும். என்னிடம் பேசுவதைவிட அம்மாவிடம் அதிகம் பேசுவாள். எனக்கு அதில் பொறாமை இல்லை, சந்தோஷம்தான்.

பிறகு ஒரு நாள், பெரிய மாநாடு ஒன்றில் அவள் பேசுகிறாள், இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம் என்று செய்தி வந்தது. அனுப்பியது அவளில்லை, வேறொரு மாணவன். அங்கே காலை, எங்களுக்கு மத்தியானம். அம்மா ஒரே பரபரப்பு. லாத்தாவை வரச் சொன்னாள். அத்தா கோடவுனை ஆளிடம் விட்டுவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுச் சேச்சியும் வந்தார். என் லேப்டாப்பை டிவியோடு இணைத்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தோம். அவள் மேடையேறியதும் அம்மா, "மாஷா அல்லாஹ், மெலிஞ்சு போயிட்டாளே" என்றாள்.

முதல் சில படங்கள் பொதுவானவை. நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்து ஒரு விண்மீன் மண்டலம் வந்தது. என் மண்டலம். என்னடா இது என்று நினைப்பதற்குள் அடுத்த படம். ஆக்சிஜன் வரைபடம். நான் தேர்ந்தெடுத்த நிறங்கள். மேல் மூலையில் அந்தக் கோணல் கட்டம். கீழே, வெளிக்கரத்தின் ஓரத்தில், நான் வெட்டியெறிந்த திட்டைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் போட்டிருந்தாள்.

"எந்தா சொல்றா?" என்றாள் அம்மா.

நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லு மோளே, எல்லாரும் கை தட்டுறாங்களே."

"வெளியிலேருந்து சுத்தமான வாயு வந்து விழுந்திருக்காம். அதை அவ கண்டுபிடிச்சிருக்காளாம்" என்றேன்.

"நீ அன்னைக்கு குழம்புன்னு சொன்னியே, அது போலயா?"

"அதேதான்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து செய்ததா?" என்று முகம் மலரக் கேட்டாள் அம்மா. நான் எழுந்து உள்ளே போனேன். லாத்தா மட்டும் பின்னாலேயே வந்தாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹாலில் அம்மா சேச்சிக்கு அலுவா வெட்டிக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் படகுத்துறையில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். வீட்டில் பேச முடியாது. உடனே எடுத்தாள்.

"ஏட்டி, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"



"இங்க பாரு. உன் அளவை வச்சு அது நிரூபணமே ஆகாது. நான் டெலஸ்கோப் நேரம் வாங்கி, அந்த இடத்தைத் தனியா எடுத்து, வெப்பநிலை காட்டுத அந்த மங்கலான கோட்டை அளந்தேன். அது என் வேலைலா. நீ அளந்தது வெறும் அறிகுறி."

"அறிகுறின்னு சொல்லலையே நீ. கோளாறுன்னு சொன்னே."

"அப்ப எனக்கு அப்படித் தோணிச்சு."

"என் வரைபடத்தைக் காட்டினியே? என் கட்டம் அதுல இருக்கே?"

"அவசரத்துல வந்துட்டு. பேப்பர்ல மாத்திருவேன். வேணும்னா உன் பேரை மூணாவதா சேர்க்கேன்."

"முதல்ல கண்டது நான்னு ஒரு வரி எழுது. போதும்."

"அப்படி எழுதினா ரெஃபரி நூறு கேள்வி கேப்பான். நீயே வெட்டிட்டேல்லா? யாரு வெட்டச் சொன்னா?"

"நீ சொல்லித்தானே வெட்டினேன்!"

"நீ என்ன சின்னப் பிள்ளையா? நான் சொன்னா, உடனே நம்பிருவியா?"

அவள் சொன்னவற்றில் அந்த ஒன்றுதான் இன்னும் காதில் இருக்கிறது. கோபத்தில் சொன்னது என்றுகூட நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் குரலில் கோபம் இல்லை. உண்மையான ஆச்சரியம் இருந்தது.

எங்கள் இருவருக்கும் ஆய்வு நெறியாளர் ஒருவர்தான். அவரிடம் போனேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலையாளத்தில், "அவள் அந்தத் திட்டுக்காக டெலஸ்கோப் நேரம் கேட்க என்னிடம் பரிந்துரை வாங்கிய அன்றே நினைத்தேன், நீங்கள் இருவரும் சேர்ந்து செய்கிறீர்கள் என்று" என்றார்.

"எப்போது வாங்கினாள், சார்?"

"இங்கிருக்கும்போதுதான். அந்த மழை சமயத்தில். நீ அதை வெட்டியதாகச் சொல்கிற அதே வாரம்."

அதாவது, கோளாறு என்று என்னிடம் சொல்லிவிட்டு, சாயா வாங்கித் தந்து, முதுகைத் தட்டிக்கொடுத்த அந்த நாட்களிலேயே அவள் அந்தத் திட்டைத் தொலைநோக்கியில் பார்க்க அனுமதி கேட்டுவிட்டாள். அவருக்கும் தான் சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு பேரும் என் பிள்ளைகள். இதைப் பெரிதாக்கினால் துறையின் பெயர் கெடும். மூன்றாவது பெயராக இருப்பது மோசமில்லை. யோசித்துப் பார்" என்றார்.

நான் மூன்றாவது பெயராக இருக்கவில்லை. கட்டுரை வந்தது. புதிய வரைபடம், கட்டம் நேராக இருந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், பயனுள்ள உரையாடல்களுக்காக என்று என் பெயர். இனிஷியல் தப்பு.

என் ஆய்வேட்டில் அந்தத் திட்டை மறுபடியும் சேர்த்தேன். சேர்த்தால் அதை முதலில் கண்டது அவள் என்று அவள் கட்டுரையைக் குறிப்பிட வேண்டும். அதுதான் முறை. அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்ய ஒரு காலை முழுவதும் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அவள் பெயர்வரை வந்து விரல் நின்றுவிடும்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். "இது ஏற்கெனவே வெளிவந்த முடிவோடு நன்றாகப் பொருந்துகிறது. அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் இந்த இடத்தைக் கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

நெறியாளர் மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார். இந்த இடத்தைப் பார்க்காதே என்று அந்தக் கட்டுரையை எழுதியவர்தான் எனக்குச் சொன்னார்" என்றேன்.

தேர்வாளர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நெறியாளரும் சிரித்தார். பட்டம் கிடைத்தது. எல்லோருக்கும் கட்லெட்டும் சாயாவும் கொடுத்தேன்.

அதுவரை அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்கு அவள் செய்யும் வாராந்தரப் போனும் நிற்கவில்லை. வைவா முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா போனை நீட்டி, "இந்தா, அவ வாழ்த்துச் சொல்லணுமாம்" என்றபோது என்னால் தாங்க முடியவில்லை. போனை வாங்கி அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குக் கோடுகளும் கட்டுரையும் புரியவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தப்புன்னு உன்கிட்ட சொன்னப்ப, அது தப்பில்லைன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

 அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் வரும்போது அம்மா எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து அவளே வந்தாள், கல்யாணப் பத்திரிகையோடு. தட்டில் பழம், வெற்றிலை, குங்குமப்பூ, அம்மாவுக்கு ஒரு புடவை. வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுக்களைக்குள் நுழையப் போனாள்.

"அங்கே வேண்டாம், கரியா கிடக்கு. ஹால்ல உட்காருங்க" என்றாள் அம்மா.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா விருந்தாளிகளுக்கான கோப்பையில் சாயா கொண்டுவந்து வைத்தாள். "உங்க அம்மா சௌக்கியமா? மாப்பிள்ளைக்கு எந்தா ஜோலி?" என்று கேட்டாள். பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அல்லாஹ் நல்லா வைக்கட்டும். நீங்க சந்தோஷமா இருக்கணும்" என்றாள். ஒரு வார்த்தைகூடக் கடுமையாக இல்லை. புடவையை மட்டும், "இந்த நெறம் எனக்கு வேண்டாம், உங்க அம்மாவுக்குக் கொடுங்க" என்று திருப்பித் தட்டிலேயே வைத்தாள்.

வாசலில் நான் அவளோடு கொஞ்சதூரம் நடந்தேன். தெருமுனையில் நின்று என்னைப் பார்த்தாள்.

"அம்மாட்ட சொல்லிட்டியா?"

"ஆமா."

"ஏன்ட்டி சொன்னே? நமக்குள்ள உள்ளதுலா அது. அவியளை எதுக்கு இழுத்தே? என்னைய நீங்கன்னு கூப்பிடுதாவ." சொல்லச் சொல்ல அழத் தொடங்கிவிட்டாள். சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவை இழந்ததற்கு அழுகிறாள் என்று தெரிந்தது. அந்த அழுகை பொய்யில்லை. அந்தத் திட்டைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆட்டோ வந்தது, ஏறிப் போனாள். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஓய்வு நேரத்தில் வேறொரு விண்மீன் மண்டலத்தை அளக்கிறேன். அதில் நைட்ரஜன் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருப்பது போலத் தெரிகிறது. உறுதியாகச் சொல்ல இன்னொருவர் தனியாக அளந்து பார்க்க வேண்டும். வேறு ஊரில் இருக்கும் ஒரு நண்பர், நல்லவர், கவனமானவர், இதே துறைக்காரர், தானே முன்வந்து, "அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். அவர்மேல் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு வரைபடத்தைப் படமாக மட்டும் அனுப்பினேன். எண்கள் எங்கே என்று கேட்டார். இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் எழுதினேன். சரிபார்த்து முடித்து வெகுநாள் ஆகிறது.